ஆபீசர் வருகிறார் என்று கழுவினோம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு கிராமத்தில் ஒன்பது வருஷம் குடியிருந்தேன். அந்த ஒன்பது வருஷத்தில் நான் ஒரு வெள்ளைப் புடவைகூட வாங்கியதில்லை. வாங்கி என்ன செய்வது? கொடியில் காயப்போட்ட துணியைச் சாயங்காலம் எடுத்து உதறினால் மை உதிரும். அடுப்புக் கரி என்றால் ஊதினால் பறந்துவிடும். இது இரும்பை உருக்கும்போது வருவது. கொஞ்சம் பிசுபிசுப்பு, கொஞ்சம் மினுமினுப்பு. விரலில் தேய்த்தால் ரேகை ரேகையாக ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். அந்த விரலால்தான் சோறு பிசைய வேண்டும்.

நான் அங்கே பால்வாடி டீச்சர். போர்டில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இருபத்தாறு பிள்ளைகள், நான், ஒரு ஆயா. சமைத்துப் போட்டு, பிள்ளைகளைக் கழுவிவிடுகிற உதவியாளுக்குத்தான் ஆயா என்று பெயர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள், வாய் ஓயாதவள். முட்டை போடுகிற நாள் வந்தால் எனக்குக் குமட்டும். உரித்த முட்டையை ஒரு பிள்ளை வாங்கி அடுத்த பிள்ளையிடம் காட்டுவதற்குள் அதன்மேல் அஞ்சு விரலும் கறுப்பாகப் பதிந்திருக்கும். கை கழுவித்தான் உட்கார வைக்கிறோம். கழுவிய கை பாயைத் தொடுகிறது, பாயில் அது இருக்கிறது. அந்த முட்டையைப் பிள்ளைகள் நக்கி நக்கித் தின்னும். சத்துமாவு உருண்டையைக் கடித்தால் பல்லில் நறநறக்கும். "இரும்புச் சத்து டீச்சரம்மா, கம்பெனிக்காரன் ஃப்ரீயா குடுக்கறான்" என்பாள் ஆயா. இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. சென்னையில் எங்கே பார்த்தாலும் மேம்பாலம், அடுக்குமாடி. எல்லாவற்றுக்கும் கம்பி வேண்டும். பழைய இரும்பு லாரி லாரியாக எங்கள் பக்கம் வரும், கம்பியாகித் திரும்பிப் போகும். கம்பி பட்டணத்துக்கு, புகை எங்களுக்கு. யார் இப்படிப் பங்கு பிரித்தது என்று தெரியவில்லை. நகரம் வளர்கிறது, நாடு முன்னேறுகிறது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெயிலும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. ஏரியில் தண்ணீர் இல்லை, போர் போட்டால் துருநிறத்தில் வருகிறது. இதற்கு மருந்து மாதிரி, மரம் நடும் விழா என்று ஒன்று நடத்தினார்கள். பெரிய மனிதர்கள் வந்து ஆளுக்கு ஒரு கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே மாசத்தில் அந்தக் கன்றுகளின் இலை எது, தண்டு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. என் பால்வாடியிலேயே அவளும் ஒரு பிள்ளை. மூணு வயசு முடிந்ததும் அவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. விலாவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வரும். கழுத்துக் குழி பள்ளமாகும். கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த டாக்டர் அவள் மூக்கில் புகை மருந்து மாஸ்க்கை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மருந்து நான் குடுத்துக்கினேதான் இருப்பேன்ம்மா. ஒண்ணு உங்க ஊர் காத்து மாறணும், இல்ல நீங்க ஊரை மாத்தணும். ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் பண்ணுங்க. பெரிய பொண்ணாவறதுக்குள்ள நெஞ்சு கெட்டுப்பூடும்."

ஊரை எப்படி மாற்றுவது? என் வேலை அந்த ஊர்ப் பால்வாடியில். என் கணவர் வேலை செய்ததோ, எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற அந்த இரும்பு மில்லில். ஒப்பந்தத் தொழிலாளி. அவர் அப்பா அதே இடத்தில் வேர்க்கடலை பிடுங்கிக் கூலிக்குப் போனவர், மகன் அதே மண்ணில் ஃபர்னஸ் முன்னால் நிற்கிறார். வேலை முடிந்து வந்து வாய் கொப்பளித்துத் துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றித் தள்ளுவேன், அதைப் பார்க்காமல்.

ஆகவே காற்று மாறினால்தான் உண்டு. அதற்கும் ஒரு வழி இருந்தது. மில்லில் தூசி பிடிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, பெரிய பெரிய துணிப்பைகளை வைத்து வடிகட்டுவது. அதை ஓட்டினால் புகை பாதிக்கு மேல் அடங்கிவிடும் என்று என் கணவரே சொல்வார். ஓட்டினால் கரண்ட் செலவு. அதனால் பொழுது சாய்ந்ததும் நிறுத்திவிடுவார்கள், பல நாள் பகலிலும் நிறுத்திவிடுவார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு ஆலையில் இதே கதைதான் நடந்தது. அங்கே சுற்றுச்சூழல் ஆபீஸிலிருந்து வந்து காற்றை அளந்து பார்த்து, அளவு மீறியிருக்கிறது என்று தெரிந்ததும், அந்த மெஷினுக்குத் தனி மீட்டர் மாட்டி சீல் வைத்துவிட்டார்கள். நிறுத்தினால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் மில்லுக்கும் அப்படி ஒரு சீல் விழுந்தால் போதும், என் மகள் மூச்சு விடுவாள். நான் நம்பிக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

மகளிர் குழுவில் பேசி, கையெழுத்து வாங்கி, மனுமேல் மனுவாகப் போட்டோம். ஒரு வருஷம் கழித்துப் பஞ்சாயத்துக்குக் கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை காற்றின் தரம் அளக்கப்படும், உயரமான கட்டடமும் மின்இணைப்பும் ஏற்பாடு செய்து தரவும் என்று. எங்கள் ஊரில் படிக்கட்டு வைத்த மொட்டைமாடி பால்வாடிக்குத்தான் இருந்தது. கடிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அடுத்த நினைப்பு வந்தது. ஐயோ, மாடி எப்படிக் கிடக்கிறது!

இந்த இடத்தில் எங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆபீசர் வருகிறார் என்றால் கழுவுவோம். பால்வாடியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஜீப் வருகிறது என்று பக்கத்து ஊர் டீச்சர் போன் போட்டால் போதும், அரை மணி நேரத்தில் பாயை உதறி, பொம்மையைத் துடைத்து, பிள்ளைகளுக்குப் பவுடர் அடித்து, வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவோம். வந்தவர்கள் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். போன பிறகு பழையபடி. எதற்கு வருகிறார்கள் என்று யோசிக்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை. வருகிறவர் மூக்கைச் சுளித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஊரே திரண்டது. நான்தான் முன்னால் நின்றேன். பஞ்சாயத்து டேங்கர் வண்டி வந்தது. மாடியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். முதல் தண்ணீர் தார் மாதிரி ஓடியது, மூணாவது தண்ணீர்தான் கொஞ்சம் தெளிந்தது. பக்கத்தில் நின்ற வேப்பமரத்துக்கு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தோம். வருஷக்கணக்கில் கறுத்துக் கிடந்த மரம் பச்சையானதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டின. பால்வாடியைச் சுற்றியிருந்த நாலு தெருவுக்கும் தண்ணீர் தெளித்தோம். புதன்கிழமை விடிந்ததும் சாணி கரைத்து மறுபடியும் தெளித்தோம். லாரி போகிற மண்ரோட்டுக்கு டேங்கர் மூணு நடை அடித்தது.

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. சித்திரை வெயில். மாடித் தளத்தில் கால் வைக்க முடியாது. பாவம் வருகிறவர் எப்படி நிற்பார் என்று யோசித்து, தளம் முழுக்க ஈரக் கோணி விரிக்கச் சொன்னேன். காயக் காய நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆயாவிடம் வாளியைக் கொடுத்தேன். மேலே நாலு மூங்கில் நிறுத்தித் தார்பாய் கட்டச் சொன்னதும் நான்தான்.

ஆபீசர் என்று நாங்கள் நினைத்தவர் ஆபீசர் இல்லை, மெஷின் வைக்கிற டெக்னீஷியன். முப்பத்தைந்து வயசு இருக்கும். வேனிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, மாடியில் எங்கள் தார்பாய்க்கு அடியிலேயே வைத்தார். இடுப்புக்கு மேல் உயரம், தலையில் கூரை மாதிரி ஒரு மூடி. உள்ளே மோட்டார் ஓடிக் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று ஒரு வெள்ளைத் தாள் வழியாகப் போகும். தூசி தாளில் தங்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள், மூணு தாள் ஆனதும் முடிந்தது. இதையெல்லாம் அவரே எனக்கு விளக்கினார், எங்கள் தார்பாய் நிழலில், எங்கள் ஈரக் கோணிமேல் செருப்பைக் கழற்றிப் போட்டு நின்றுகொண்டு.

"நல்லா ஜில்லுனு வெச்சிருக்கீங்க டீச்சர். மத்த ஊர்ல எல்லாம் நிக்கவே முடியாது" என்றார்.

"உங்களுக்கோசரம்தான் சார்" என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு!

ஆயா அவருக்கு நாஷ்டா கொண்டுவந்து வைத்தாள். இட்லி, வடகறி. சாப்பிட்டார். மத்தியானம் கோழிக் குழம்பு, சாப்பிட்டார். தார்பாயைப் பிரிக்கச் சொல்லவில்லை. கோணியை எடுக்கச் சொல்லவில்லை. அந்த ஆளுக்குத் தெரியாதா? காற்றை அளப்பதுதான் அவர் பிழைப்பு. மழை பெய்த இடத்தில் அளந்தால் என்ன வரும், காய்ந்த இடத்தில் அளந்தால் என்ன வரும் என்று தெரியாமலா இருக்கும்? நிழல் சுகமாக இருந்தது, குழம்பு ருசியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மனுஷன் கை கழுவிக்கொண்டு, "சாப்பாடு சூப்பர்" என்று சொன்ன முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, நினைத்தாலே உடம்பெல்லாம் கூசுகிறது.

மறுநாள் காலையில் கடைசித் தாளை எடுத்து உறையில் போடும்போது என்னிடம் காட்டினார். மூணு தாளும் நீர்மோர் நிறத்தில் இருந்தன. லேசான சாம்பல், அவ்வளவே. "இன்னாம்மா, இந்தப் பக்கம் ரொம்பப் புகைன்னு எழுதியிருந்தீங்களே, தூசியே காணோம்" என்றார். நான் தாளை வாங்கி இன்னொரு முறை பார்த்தேன். ஆனாலும் ஆபீஸில் கொண்டுபோய் எடை போட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியும் என்று நினைத்து, வேன்வரை போய் வழியனுப்பினேன். ஆயா ஒரு பை நிறைய மாங்காய் கொடுத்தாள்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கோணி, தார்பாய், டேங்கர், வேப்பமரம். அவர் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?"

"தூசி எவ்ளோ இருக்குதுன்னு பாக்க வந்தவன் எதிர்ல தூசிய தொடச்சி வெச்சிருக்கீங்களே, உங்கள இன்னா சொல்றது? மெஷினுக்கு மேல குடை வேற புடிச்சிருக்கீங்க. கூரைய போட்டுட்டா கரி எங்கேந்து வந்து உழும்?"

கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"அதான் போவட்டும்," என்றார், "கம்பெனிக்கும் கடுதாசி காப்பி வந்துச்சி. நேத்து காலைல இருந்து இன்னிக்கு காலை வரைக்கும் பையி மெஷின் நிக்கவே இல்ல. வேன் போச்சா, ஆஃப் பண்ணிட்டானுங்க. அவனும் கழுவனான், நீங்களும் கழுவினீங்க."

எழுந்து வெளியே வந்து பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து செங்காவியும் கறுப்புமாகப் புகை கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தது. உள்ளே என் மகள் இருமினாள். அந்த நிமிஷம் எனக்கு மில்காரன்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த அருவருப்புதான் அதிகம். அவன் லாபத்துக்காகக் கழுவினான். நான் எதற்காகக் கழுவினேன்? ஒரு சம்பள ஆள் என் மாடியைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக. என் குழந்தையின் நெஞ்சில் இருப்பதைக் காட்ட வேண்டிய ஒரே நாளில், அதை என் கையாலேயே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து ஊற்றியிருக்கிறேன்.

ஒன்றரை மாசத்தில் பதில் வந்தது. காற்றின் மாசு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது, எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை. அதைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டிய காகிதம் இரண்டு வாரத்தில் படிக்க முடியாமல் கறுத்துப் போயிற்று. அளவுக்குள் இருக்கிற காற்றாம்.

திங்கட்கிழமை மனுநாளுக்குத் திருவள்ளூர் போனேன். பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாற வேண்டும். மகளைப் பெரியபாளையத்தில் என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அவள் கோயில் பக்கத்தில் வேப்பிலையும் எலுமிச்சம்பழ மாலையும் விற்கிறவள். கலெக்டர் ஆபீஸ் ஹாலில் எல்லாத் துறை ஆட்களும் மேஜை போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். என் மனுவை வாங்கிய அதிகாரி வயசானவர், கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. முழுசாகப் படித்தார். அன்றைக்குத் தண்ணீர் தெளித்ததை நானே வாய்விட்டுச் சொன்னேன், வெட்கத்தை விட்டு. மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"சும்மா சொன்னா மறுபடி அனுப்ப முடியாதும்மா. பாதிப்பு இருக்குதுன்னு ஏதாவது ரெக்கார்டு வேணும். புள்ளைங்களுக்கு மூச்சுத் திணறல்னு எழுதியிருக்கீங்களே, எத்தனை பேருக்கு?"

"பதினோரு பேருக்கு சார். எம் பொண்ணும் ஒருத்தி."

"அங்கன்வாடி டீச்சர்தானே நீங்க? அப்ப உங்க ரிப்போர்ட்லயே இருக்குமே" என்று நல்ல மனசோடுதான் எழுந்தார். எனக்கு உதவி செய்ய எழுந்தார். எதிர் வரிசையில் இருந்த எங்கள் துறை மேஜைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், எங்கள் மையத்தின் மாதாந்திரப் படிவங்களை எடுக்கச் சொன்னார். அங்கே இருந்தவர் கட்டைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வைத்தார்.

நோயுற்ற குழந்தைகள் என்று அதில் ஒரு பத்தி உண்டு. பெயர், என்ன நோய், எங்கே அனுப்பப்பட்டது என்று எழுத வேண்டும். நான் சேர்ந்த முதல் வருஷம் எழுதினேன். எழுதினால் கேள்வி வரும். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே, ஏன் வந்தது, தண்ணீரைக் கொதிக்க வைத்தாயா, பாத்திரத்தை மூடினாயா. 'இல்லை' என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. எல்லா டீச்சரும் அதைத்தான் எழுதினார்கள், நானும் பழகிக்கொண்டேன். நாலு வருஷப் படிவம் அந்த மேஜையில் கிடந்தது. எல்லாவற்றிலும் என்னுடைய முத்து முத்தான கையெழுத்தில் இல்லை, இல்லை, இல்லை. என் மகளுக்கு முதல்முதலாக இழுப்பு வந்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடிய மாசத்திலும் இல்லை.

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். திட்டவில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமேலாவது இருக்கறத எழுதுங்க. மூணு மாசம் ரெக்கார்டு வரட்டும், எடுத்துக்கினு வாங்க, பாக்கலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாசக் கடைசியில் எழுதினேன். பதினோரு பெயரையும் எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே இழுப்பு, தொடர் இருமல் என்று உள்ளதை உள்ளபடி. பதினோராவதாக என் மகள். எழுதி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது. படிவம் போய்ச் சேர்ந்த மூணாம் நாள் சூப்பர்வைசர் மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். என் வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் அவர்தான். துப்பட்டாவால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா இது? என் சர்க்கிள்ல இருபது சென்டர். ஒரு இடத்துலயும் ஒரு கேஸ் கெடையாது. உன் சென்டர்ல மட்டும் பதினொண்ணா?"

"அங்கயும் இருக்கும் மேடம். எழுத மாட்டாங்க."

"இத மேல அனுப்புனா இன்னா ஆவும் தெரியுமா? கம்பெனிய கேக்க மாட்டாங்க, உன்னைத்தான் கேப்பாங்க. சென்டர் சுத்தமா இல்ல, டீச்சர் பராமரிப்பு சரியில்லன்னு எழுதுவாங்க. என்க்கும் மெமோ வரும், உன்க்கு வேலையே பூடும். எதுக்கு இந்தப் பேஜாரு? வூட்டுக்காரர் வேற அதே கம்பெனில இருக்காரு. ரெண்டு பேரும் ஊட்ல குந்திக்கினா புள்ளைக்கு மருந்து யாரு வாங்குவா?"

பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வரும்போதே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைத் தெரிந்து வைத்திருந்தார்.

வாதாடினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். வாதாடவில்லை. பத்து நிமிஷம் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பேனாவை எடுத்தேன். ஆயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேடம் புதுப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பழையதை எனக்கு முன்னாலேயே நாலாகக் கிழித்து, "நல்லா யோசிச்சிதான் பண்ற நீ, அதான் உன்னைப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே என் மகளைப் பெரியபாளையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். நாத்தனார் சந்தோஷமாக வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அங்கே இழுப்பு குறைந்தது. இரண்டு மாசத்தில் புகை மருந்து மாஸ்க்கே தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் போய்ப் பார்ப்போம். "நைனா, இங்க ஓடினாக்கூட இருமல் வரல" என்று சொல்லிக்கொண்டு என் கணவர் எதிரே தெருவைச் சுற்றி ஓடிக் காட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். கிளம்பும்போது முதலில் அழுதாள். பிறகு அழவில்லை. பிறகு கையாட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள். மூச்சு வந்துவிட்டது, அம்மா இல்லாமல் இருக்கப் பழகிவிட்டாள். இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

மற்ற பத்துப் பேருக்குப் பெரியபாளையத்தில் அத்தை இல்லை. அவர்கள் தினமும் வந்தார்கள், அதே பாயில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சாப்பிடும்போது நான் ரிஜிஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு குனிந்திருக்கப் பழகினேன்.

ஒருநாள் காலையில் அந்தப் பத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் அம்மா வந்தாள். ரெடிமேட் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறவள், பஸ்ஸுக்கு அவசரமாக நின்றாள். இரண்டரை வயசுப் பெண் குழந்தை. தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். குழந்தை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"உம் பொண்ணு எப்படி இருக்கா டீச்சர்? இழுப்பு நின்னுபோச்சாமே?"

"நின்னுபோச்சு."

"பார்த்தியா, காத்துதான் டீச்சர். நம்ம சொன்னது நெஜம்தானே?" அவள் முகத்தில் பொறாமை துளிகூட இல்லை. சந்தோஷப்பட்டாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "இந்தப் புள்ளைங்களுக்கும் சேத்து இன்னொரு வாட்டி நீயே எழுது டீச்சர். நாங்க எழுதுனா எவன் படிப்பான்? நீ எழுதுனாதான் நம்புவாங்க."

"எழுதறேன்" என்றேன். பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினாள். குழந்தை என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அதன் நெஞ்சுக்குள் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாத சத்தமா? அதற்குப் பிறகு நான்கு வருஷம் அந்தப் பால்வாடியில் இருந்தேன். எழுதவில்லை.